டவர் இல்லாத இடத்திலிருந்து ஒரு சேதி: வாசகர் கேள்வி பதில்

மலை உச்சியில் மழைமானி, நடுக்கடலில் மிதவை, பறவையின் முதுகில் ஒரு குட்டிக் கருவி. செல்போன் டவரே எட்டாத இடங்களிலிருந்து இவையெல்லாம் சாட்டிலைட் வழியாக எப்படிப் பேசுகின்றன என்று இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த விஷயம்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டில் மூன்று இடங்களில் மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு ஆள் போய்க் குறித்துக்கொண்டு வருவார். யானை நிற்கிறது என்றால் அன்றைக்குப் போக முடியாது. அங்கே செல்போன் சிக்னல் சுத்தமாக இல்லை. சாட்டிலைட் கருவி வைத்தால் ஆபீசில் உட்கார்ந்தே பார்க்கலாமா? செலவு தாங்குமா?
(எஸ்டேட் அலுவலர், வால்பாறை)

பதில்: பார்க்கலாம். ஆனால் சாட்டிலைட்டுக்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் ஆபீசில் இணையம் இருக்கிறது. மழைமானிக்கும் ஆபீசுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு லோரா என்கிற ரேடியோ முறை போதும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை தனி உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், மாதச் சந்தா கிடையாது. நடுவில் மலை மறித்தால் இரண்டு பக்கமும் தெரிகிற ஒரு மேட்டில், சோலார் வைத்து, சேதியை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ஒரு அஞ்சல் கருவி நட்டால் முடிந்தது. இதைச் செய்துபார்த்து, எப்படியும் எட்டவில்லை என்றால் மட்டும் சாட்டிலைட்டுக்கு வாருங்கள்.

அப்படி வந்தால் முதலில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அநேகமாக எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். உங்களிடம் இருப்பது அரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை சாய்கிற டிப்பிங் பக்கெட் வகை என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரத்தில் எத்தனை முறை சாய்ந்தது என்பது ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடும். 255 வரை எண்ணலாம், அதாவது கால் மணி நேரத்தில் 127 மில்லிமீட்டர், சின்னக்கல்லாறிலேகூட அப்படிக் கொட்டாது. ஒரு நாளுக்கு 96 கால் மணி, ஆக 96 பைட். அதோடு தேதி, பாட்டரி வோல்டேஜ், வெப்பநிலை எல்லாம் சேர்த்தாலும் 120 பைட்டைத் தாண்டாது. இரிடியம் சாட்டிலைட்டின் குறுஞ்செய்திச் சேவையில் ஒரு செய்திக்கு 340 பைட் வரை அனுப்பலாம் என்றால் பாருங்கள், உங்கள் ஒரு நாள் மழை முழுக்க ஒரே செய்தியில் போய்விட்டு இடமும் மிச்சம் இருக்கிறது.

இதையே "வெப்பநிலை 24.6 டிகிரி செல்சியஸ்" என்று எழுத்தாக எழுதி அனுப்பினால் எதற்கும் பத்தாது. தமிழில் எழுதினால் இன்னும் மோசம், ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டுக்கும் மூன்று பைட் போய்விடும்! 24.6 உடன் 40ஐக் கூட்டி, பத்தால் பெருக்குங்கள். 646 வரும். பத்து பிட் போதும் அதற்கு (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்), மைனஸ் 40 டிகிரியிலிருந்து 62 டிகிரி வரை அத்தனையும் அதற்குள் அடங்கும். ஈரப்பதம் பூஜ்யத்திலிருந்து 100 வரைதான், ஏழு பிட். சாட்டிலைட் சேவைகளில் அளவுக்குத்தான் காசு என்பதால், இது அந்தக் காலத்துத் தந்தி மாதிரி. வார்த்தைக்கு வார்த்தை காசு என்று தெரிந்தால் "தாத்தா சீரியஸ் உடனே கிளம்பு" என்று தானாகவே சுருங்கிவிடும், இல்லையா.

தினம் ஒரு செய்தி வழக்கம்போலப் போகட்டும். ஒரு மணி நேரத்தில் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே தனிச்செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவும் கட்டுக்குள் இருக்கும், மண்சரிவு பயமுள்ள லைன் வீடுகளுக்கு எச்சரிக்கையும் கிடைக்கும். எந்தச் சேவையை வாங்குவது என்பதற்கு அடுத்த பதிலையும் படியுங்கள், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் இரிடியம் மோடம் கிடைக்கிறது. வாங்கி ஆர்டுயினோ என்கிற கன்ட்ரோலர் போர்டோடு இணைத்து, மலைக்காட்டில் ஒரு வானிலை நிலையம் வைக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டாவது கேள்வி, இப்போது டவர் உள்ள இடத்தில் 4ஜி மோடத்தோடு சோதித்துப் பார்க்கிறேன், பாட்டரி சில நாட்களிலேயே படுத்துவிடுகிறது. என்ன தப்பு?
(எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர், கோயம்புத்தூர்)

பதில்: வாங்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இரிடியம், துரையா சாட்டிலைட் கருவிகளை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வரைக்கும் போகிற விஷயம் அது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்கள் பையில் ஒரு சின்ன சாட்டிலைட் செய்திக் கருவியை வைத்திருந்து விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். நல்ல எண்ணத்தில் மழை அளந்தேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. இங்கே உரிமம் பெற்று நடத்துகிற சேவை வேண்டும். இன்மார்சாட் சாட்டிலைட் வழியான சேவையை பி.எஸ்.என்.எல். அனுமதியோடு தருகிறது. கல்லூரி, ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒரு அமைப்பின் பெயரில் விண்ணப்பித்தால் காரியம் நடக்கக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம்.

மலிவான சேவை என்று பார்த்தாலும் ஒரு எச்சரிக்கை. ஸ்வார்ம் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் இருந்தது. கையில் பிடிக்கிற அளவு சாட்டிலைட்டுகள், கருவிகளின் சின்னச் செய்திகளுக்கு மட்டும். அதன் முதல் நான்கு சாட்டிலைட்டுகள் 2018 ஜனவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-40ல்தான் போயின. அமெரிக்க அரசு "இவ்வளவு சின்னதாக இருந்தால் கண்காணிக்க முடியாது, அனுமதி இல்லை" என்று சொல்லியிருந்ததையும் மீறி அனுப்பியதற்காக அந்த நிறுவனம் பிறகு 9 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2021ல் ஸ்பேஸ்எக்ஸ் அதை வாங்கியது, அப்புறம் புதிய மோடம் விற்பனையை நிறுத்திவிட்டது. அந்த மோடத்தை நம்பி ஆயிரக்கணக்கில் கருவி செய்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மோடத்தைக் கழற்றி வேறு மோடம் மாட்டுகிற மாதிரி பெட்டியை வடிவமைப்பதுதான் புத்திசாலித்தனம். செல்போன் டவரோடும் சாட்டிலைட்டோடும் ஒரே சிப் பேசுகிற மாதிரி 2022ல் சர்வதேசத் தரநிலை வந்துவிட்டது, கொஞ்ச காலத்தில் இந்தத் தலைவலி குறையலாம் என்பது என் கணிப்பு.

இனி பாட்டரி. உங்கள் மோடம் சும்மா இருக்கும்போதும் விழித்திருக்கிறது, அதுதான் தப்பு. ஒரு உத்தேசக் கணக்கு சொல்கிறேன். சும்மா விழித்திருக்கும் ஒரு சின்ன சாட்டிலைட் மோடம் 0.2 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 4.8 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் 84 வாட்-மணி இருக்கும், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பாட்டரி கெடும், ஆக கையில் 42. ஒன்பது நாள்கூடத் தாங்காது. அதே மோடத்துக்கு மணிக்கு ஒரு நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுத்து, அனுப்பி முடித்ததும் டிரான்சிஸ்டர் வைத்து முழுசாக அணைத்துவிட்டால், அனுப்பும்போது சராசரி 0.8 வாட் என்று போட்டாலும் நாளுக்கு 0.32 வாட்-மணிதான். காகிதக் கணக்குப்படி நாலு மாதம் ஓடும். ஆடி மாதத்தில் மலையில் வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது, அந்த நாட்களுக்காகத்தான் இவ்வளவு கஞ்சத்தனம். உங்கள் 4ஜி மோடம் இதைவிட அதிகம் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அனுப்புகிற அந்த நொடியில் மோடம் ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். வயர் மெல்லியதாக, நீளமாக இருந்தால் அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து மோடம் தானாக ரீசெட் ஆகும், எழுந்து மறுபடி முயலும், மறுபடி ரீசெட். இரவெல்லாம் இப்படியே விழுந்து எழுந்து, செய்தி ஒன்றும் போகாமலேயே பாட்டரியைக் காலி செய்துவிடும். மின்சாரத்தைச் சேர்த்துவைத்து அந்த நொடியில் சட்டென்று கொடுக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டரை மோடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூன்று முறை முயன்றும் போகவில்லை என்றால் அடுத்த மணி வரை தூங்கு என்று நிரலில் எழுதுங்கள்.

கேள்வி: வங்கக் கடலில் மிதவைகள் வைத்து அலை, காற்று, சுனாமியெல்லாம் அளக்கிறார்கள் என்று பாடத்தில் வருகிறது. கடலுக்கு அடியில் இருக்கும் கருவி எப்படிச் சாட்டிலைட்டோடு பேசும்? தண்ணீருக்குள் ரேடியோ வேலை செய்யாதே?
(பொறியியல் மாணவி, சென்னை)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும், அதனால் இந்த வேலை கைமாற்றிக் கைமாற்றித்தான் நடக்கிறது. இதைச் செய்கிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், என்.ஐ.ஓ.டி., 1990களின் பிற்பாதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தரவு மிதவைகளை நங்கூரமிட்டுப் பராமரித்துவருகிறது.

சாதாரண வானிலை மிதவையில் காற்று, அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் கருவிகள் மேலேயே இருக்கும், அவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் அதே மிதவை 500 மீட்டர் ஆழம் வரைக்கும் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கிறது. புயல் எவ்வளவு வலுப்பெறும் என்பதற்கு அந்தக் கீழ்த் தண்ணீரின் சூடு முக்கியம். கீழே தொங்கும் ஒவ்வொரு உணரிக்கும் தனித்தனியாக வயர் இழுத்தால் அலையில் பிய்ந்துபோகும். அதனால் நங்கூரக் கம்பியையே வயராக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி அது, உணரிகள் அதைக் காந்தத் தூண்டலால் தொட்டுத் தொட்டுச் சேதி அனுப்பும், கடல்தண்ணீரே மின்சுற்றின் மறுபாதி. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

சுனாமி மிதவைக்கு இது போதாது, ஏனென்றால் அங்கே உணரி இருப்பது கடலின் அடித்தரையில், சில ஆயிரம் மீட்டர் கீழே. தலைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அழுத்தத்தை வைத்து அளந்துகொண்டே இருக்கும். ஆழ்கடலில் சுனாமி பெரிய அலையாக இருக்காது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து தற்செயலாக இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போன ஜேசன்-1 சாட்டிலைட் அளந்தபோது நடுக்கடலில் அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான். கப்பலில் இருப்பவருக்குத் தெரியக்கூட தெரியாது. அடித்தரைக் கருவிக்குத் தெரியும். அமெரிக்காவின் டார்ட் மிதவைகளில், எதிர்பார்த்த நீர்மட்டத்திலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினாலே கருவி உஷாராகிவிடும்படி வைத்திருக்கிறார்கள்.

உஷாரானதும் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். கீழே இருக்கும் கருவி ஒலி அலையில் மேலே இருக்கும் மிதவைக்குச் சொல்லும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டே நொடி. மிதவை அதை வாங்கிச் சாட்டிலைட்டுக்கு ரேடியோவில் அனுப்பும், அங்கிருந்து கரைக்கு. நம் நாட்டில் அது போய்ச் சேருவது ஹைதராபாதில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் அங்கேதான் இயங்குகிறது. சாதாரண நாட்களில் கால் மணிக்கு ஒரு அளவு என்று சோம்பலாகச் சொல்லிக்கொண்டிருக்கும் டார்ட் கருவி, உஷாரான பிறகு 15 நொடிக்கு ஒன்று என்று கொட்ட ஆரம்பிக்கும். எப்போதும் அப்படியே கொட்டினால் பாட்டரி தாங்காது, அடித்தரையில் போய் யார் மாற்றுவது? இன்னொரு பக்கம், சுமத்ராவில் பெரிய நடுக்கம் என்று கரையில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிந்துவிட்டால், அலை வருவதற்கு முன்பே மிதவையைக் கூப்பிட்டு "எழுந்துகொள்" என்று கட்டளை போடவும் முடியும். இருவழிச் சாட்டிலைட் தொடர்பு இருந்தால்தான் அது நடக்கும்.

இவ்வளவு செய்தும் மிதவைகள் செத்துப்போவதற்குப் பெரிய காரணம் அலையோ புயலோ இல்லை, மனிதர்கள். மிதக்கிற எதன் அடியிலும் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும். படகை மிதவையிலேயே கட்டுவார்கள், வலை சிக்கும், சோலார் தகடு சில சமயம் காணாமல் போகும். இந்தியப் பெருங்கடல் என்று இல்லை, உலகம் முழுக்க இந்தக் கதைதான். கடலோர ஊர்களில் போய்ப் பேசிப் புரியவைக்கிறார்கள். அது எந்த மென்பொருளைவிடவும் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்க தங்குகடல் போறவங்க, பத்துப் பதினைஞ்சு நாள், சில நேரம் மாசக்கணக்கில் கடலில் இருப்போம். ஒக்கி புயலில் கரையிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிட முடியல. இப்ப போட்டுக் குடுக்கிற டிரான்ஸ்பாண்டர் உண்மையிலேயே ஆழ்கடலில் வேலை செய்யுமா?
(மீனவர், தூத்தூர்)

பதில்: அது செல்போன் டவரையோ வயர்லெஸ் செட்டையோ நம்பி இல்லை என்பதால் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. உங்கள் வி.எச்.எஃப். செட் படகுக்குப் படகு 20, 30 கடல் மைல் எட்டினால் பெரிய விஷயம், 2017 நவம்பர் கடைசியில் அத்தனை படகுகள் அதற்கு வெகு வெளியே இருந்தன. கரையில் எச்சரிக்கை வந்தும் கடலுக்குள் அதைக் கொண்டுபோக வழி இல்லாததுதான் அந்தப் பேரழிவை இத்தனை பெரிதாக்கியது.

இப்போது பொருத்துவது இஸ்ரோ உருவாக்கிய கருவி, 2015ல் ஏவிய ஜிசாட்-6 சாட்டிலைட்டோடு பேசுகிறது. அந்தச் சாட்டிலைட்டில் 6 மீட்டர் விட்டத்துக்குக் குடை போல விரிகிற ஆன்டெனா இருக்கிறது. மேலே காது பெரிதாக இருப்பதால் கீழே படகில் இருக்கும் கருவி சின்னதாக, குறைந்த மின்சாரத்தில் இருந்தாலே போதும். படகு எங்கே இருக்கிறது என்பதை அது கரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். செல்போனில் நபமித்ரா செயலியைப் போட்டு புளூடூத்தில் இணைத்தால் கரையிலிருந்து வரும் வானிலை எச்சரிக்கையைப் பார்க்கலாம், நீங்களும் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆபத்து என்றால் அவசர பொத்தான் இருக்கிறது. எல்லைக்கோட்டை நெருங்கினால் சொல்லும். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் இந்தத் திட்டத்துக்கு 364 கோடி ரூபாய் ஒதுக்கி 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. கருவியை வீல்ஹவுஸ் கூரைக்கு மேல், வானம் முழுக்கத் தெரிகிற இடத்தில் வையுங்கள், இரும்புத் தகட்டுக்கு அடியிலோ வலைக் குவியலுக்குப் பக்கத்திலோ வைத்தால் வேலை செய்யாது. அதற்குப் போகும் மின்இணைப்பை மற்ற விளக்குகளோடு சேர்க்காமல் தனியாக எடுங்கள். படகு எங்கே மீன் பிடிக்கிறது என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்று சிலர் அணைத்து வைப்பதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: அமூர் வல்லூறு என்ற சின்னப் பறவை நாகாலாந்திலிருந்து ஆப்பிரிக்கா வரை போனதைச் சாட்டிலைட்டில் பின்தொடர்ந்தார்கள் என்று படித்தேன். அவ்வளவு சின்னப் பறவை ஜி.பி.எஸ்.ஸைச் சுமந்துகொண்டு போகுமா?
(பறவை ஆர்வலர், திருநெல்வேலி)

பதில்: அதன் முதுகில் ஜி.பி.எஸ். இல்லாமலேயே இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அதில் அழகு. 2013 நவம்பரில் நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் வைத்து மூன்று பறவைகளுக்கு மாட்டியது ஐந்து கிராம் எடையுள்ள, சோலாரில் ஓடும் கருவி. ஆர்கோஸ் என்ற பழைய முறை, 1978லிருந்து இருக்கிறது, பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து ஆரம்பித்தது. கருவி செய்வது ஒன்றே ஒன்று: 401.65 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது ஒரு சின்னச் சத்தம் போடும். சாட்டிலைட் சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. கருவியை நோக்கி வரும்போது அந்த அலைவரிசை கொஞ்சம் கூடுதலாகவும், விலகிப் போகும்போது குறைவாகவும் கேட்கும். கூடுதலிலிருந்து குறைவுக்கு மாறும் வளைவை வைத்துக் கணக்குப் போட்டால் கருவி எங்கே இருக்கிறது என்று வந்துவிடும். நல்ல அளவாக இருந்தால் சில நூறு மீட்டர் துல்லியம், மோசமாக இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். நாகாலாந்திலிருந்து சோமாலியா போகிற பறவைக்கு அது தாராளம்.

கடலாமைக்கும் இதே முறைதான், ஓட்டின் மேல் ஒட்டிவிடுவார்கள். ஆமை மூச்சுவிட மேலே வரும்போது மட்டும் சத்தம் போடும்படி ஒரு உப்புநீர் சுவிட்ச் இருக்கும்: உணரி நனைந்திருந்தால் பேசாதே, காய்ந்தால் பேசு.

கேள்வி: 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து அணையே போய்விட்டதே. சாட்டிலைட்டில் தகவல் அனுப்பும் கருவியெல்லாம் இருந்தும் ஏன் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: கருவி இருந்தது என்பது பாதி உண்மை. தெற்கு லோனாக் ஏரியில் அதற்கு முந்தைய மாதம், செப்டம்பரில்தான் கேமராவும் வானிலைக் கருவிகளும் வைத்தார்கள், எச்சரிக்கை அமைப்பின் முதல் கட்டமாக. கண்காணிப்புக்கு மட்டும்தான் அது; ஏரி உடைந்தால் கீழே சங்கு ஊதும் அமைப்பு இன்னும் வரவில்லை. அந்தக் கேமராவும் செப்டம்பர் கடைசியில் மின்சாரம் இழந்து பேசுவதை நிறுத்திவிட்டது என்று அப்போது செய்தி வந்தது. அக்டோபர் 3 இரவு தாண்டி ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையைத் துடைத்துக்கொண்டு போனது.

இதில் சாட்டிலைட் மேல் குற்றம் இல்லை. இந்த மாதிரி அமைப்புகளில் சாட்டிலைட் இணைப்பு அறுந்து கெட்டது என்று கேள்விப்படுவது அபூர்வம். பாட்டரி சாகும், சோலார் தகட்டைப் பனி மூடும், எலி வயரைக் கடிக்கும், அல்லது கரையில் செய்தியைப் பார்க்க வேண்டியவர் பார்க்க மாட்டார். கருவி பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு பொருள்: ஒன்றும் நடக்கவில்லை, அல்லது கருவி செத்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத அமைப்பு எச்சரிக்கை அமைப்பே இல்லை. அதனால்தான் ஒழுங்காகச் செய்தவர்கள் மழை பூஜ்யமாக இருந்தாலும் பூஜ்யம் என்று அனுப்பச் சொல்வார்கள், கூடவே பாட்டரி வோல்டேஜையும். மூன்று நாளாக வோல்டேஜ் இறங்குமுகம் என்றால் நாலாவது நாள் ஆள் கிளம்ப வேண்டும். மலை மேலே, 5,000 மீட்டருக்கு மேல் உயரத்தில், அந்த ஆள் உடனே போய்ச் சேர முடியாது என்பதும் உண்மைதான், அப்படியானால் ஒன்றுக்கு இரண்டாகக் கருவி வைக்க வேண்டும், தனித்தனி பாட்டரியோடு.

வெள்ள எச்சரிக்கையிலும் வானிலையிலும் நம் நாட்டில் வழக்கமாக நடக்கும் முறை வேறு, இன்சாட் வழியாக ஒருவழிப் பேச்சு. இன்சாட்-3டிஆர் போன்ற வானிலைச் சாட்டிலைட்டுகளில் தரைக் கருவிகளின் சேதியை வாங்கித் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் அதன் வழியாகப் பூனாவுக்கு அனுப்புகின்றன. மலிவு, நம்பகம், சந்தா இல்லை. ஆனால் சேதி போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்குத் தெரியாது. இரண்டு நிலையங்கள் ஒரே நொடியில் பேசினால் இரண்டும் வீண். அதைச் சமாளிக்க, ஒன்று ஒரே சேதியை வெவ்வேறு நேரத்தில் சில முறை திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஜி.பி.எஸ். கடிகாரம் வைத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நொடி ஒதுக்க வேண்டும். மழைக்கணக்குக்கு இது அருமையான முறை. அணை திறப்பு, ஏரி உடைப்பு போன்றவற்றுக்கு இருவழிதான் வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையத்தை வைத்துவிட்டால் முடிந்ததே?
(வாசகர், மதுரை)

பதில்: கேமரா வீடியோ வேண்டும், பெரிய சோலார் வைக்க இடமும் உண்டு என்றால் சரி. அதன் சின்ன மாடலே 25 முதல் 40 வாட் வரை கேட்கும். மேலே கோயம்புத்தூர் நண்பருக்குச் சொன்ன 42 வாட்-மணி ஒரு மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தீரும். 120 பைட் மழைக்கணக்கை அனுப்ப அதைக் கொண்டுபோய் வைப்பது வீண்.

கேள்வி: மழை கொட்டும்போது டி.டி.எச். டிவி நின்றுவிடுகிறது. மழையை அளக்கிற கருவியின் சாட்டிலைட்டும் அப்போது நின்றுவிட்டால் என்ன பயன்?
(இல்லத்தரசி, நாகப்பட்டினம்)

பதில்: நியாயமான சந்தேகம். டி.டி.எச். வேலை செய்வது 10 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே, அந்த அலைநீளம் மழைத்துளியின் அளவுக்குக் கிட்டத்தில் வருவதால் மழை அதைத் தடுக்கும். இன்சாட் நிலையங்கள் பேசுவது 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இரிடியமும் இன்மார்சாட்டும் 1,600 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே அடைமழையும் ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இன்சாட்-3டிஆர் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்பதால் மலை மறைக்கும் கவலையும் நமக்குக் குறைவு. அண்டார்டிகாவில் இருப்பவர்கள் அதே உயரத்துச் சாட்டிலைட்டை அடிவானத்தில் தேட வேண்டும்.

மழை கெடுப்பது வேறு இடத்தில். ஆன்டெனா கேபிள் வந்து சேருகிற இணைப்பில் தண்ணீர் இறங்கும், உள்ளே செம்பு பச்சை பிடிக்கும், சிக்னல் நாளுக்கு நாள் மெலியும், யாருக்கும் காரணம் புரியாது. இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளைப் பெட்டிக்குள் விடுவதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் போதும், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிடுங்கள்.